மடிக்கணினிச் சாயவியல்: ஈஜோக் வட்டாரத்தை முன்வைத்து ஒரு சிற்றாய்வு

பழைய மடிக்கணினியின் பிளாஸ்டிக் உறைக்குப் புதுச் சாயம் பூசுவது ஆய கலைகள் அறுபத்து நான்கில் சேராமல் போனதற்கு ஒரே காரணம், பட்டியல் போட்ட காலத்தில் மடிக்கணினி இல்லை என்பதுதான். கிளிக்கும் மைனாவுக்கும் பேச்சுப் பழக்குவதைக்கூட வாத்ஸ்யாயனர் ஒரு கலையாகச் சேர்த்திருக்கிறார். அப்படிப்பட்டவர் இதை விட்டிருக்க மாட்டார்.

மரபுப்படி இலக்கணம் முதலில். உள்ளே எதையும் மாற்றாமல் வெளியே எல்லாவற்றையும் மாற்றுவது சாயவியல் என்ப. 'என்ப' என்று முடித்துவிட்டால் சொன்னவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. நம் இலக்கண ஆசிரியர்கள் நமக்கு விட்டுச்சென்ற பெரிய வசதி இது. இக்கட்டுரையில் தேவைப்படும் இடங்களில் பயன்படுத்தப்படும்.

ஆய்வுக் களம் ஈஜோக். கோல சிலாங்கூர் மாவட்டத்தில் இந்த ஊரும் இதைச் சுற்றிய தோட்டங்களும் நூறு ஆண்டுக்கு மேலாக மேற்பூச்சு மாறிக்கொண்டே வந்த நிலம். காப்பி இருந்த இடத்தில் ரப்பர், ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை, செம்பனை இருந்த இடத்தில் வரிசை வீடு. செம்பனை மலாயாவுக்கு 1870களில் வந்தது அலங்கார மரமாக. அழகுக்கு வைத்த அந்த மரத்தை 1917இல் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் தோட்டத்தில் வணிகப் பயிராக வரிசை கட்டி நட்டார். பிறகு அவர் ‘மலேசி’ என்ற நாவலை எழுதி 1930இல் கோன்கூர் பரிசு வாங்கினார். அவர் போய்விட்டார், மரம் போகவில்லை. அலங்காரம் என்று உள்ளே விட்டது ஒருநாள் உடம்பு முழுக்க மூடிவிடும் என்பதற்கு மடிக்கணினி மூடியில் ஒட்டிய முதல் ஸ்டிக்கர் ஒரு சான்று, இந்த மாவட்டத்துச் செம்பனை இன்னொரு சான்று. பத்தாங் பெர்ஜுந்தைக்கே 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று புதுப் பெயர் பூசினார்கள். ஊர்க்காரர்கள் பேச்சில் பழைய பெயர் இன்னும் அங்கங்கே பல்லிளிக்கிறது.

இனி உறைப் பொருள். பெரும்பாலான மலிவு விலை மடிக்கணினிகளின் உறை ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்காலோ, அதோடு பாலிகார்பனேட் கலந்த கலவையாலோ ஆனது. அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் என்ற மூன்றின் கூட்டணி ஏபிஎஸ். கீழே போட்டால் உடையாமல் தாங்குவதற்காக நடுவில் இருக்கும் பியூட்டாடையீன் ஒரு ரப்பர். செயற்கை ரப்பர். இதன் குடும்ப வரலாறு தோட்டத்து ஆட்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து நின்றது. அவர்கள் ஸ்டைரீனையும் பியூட்டாடையீனையும் சேர்த்து ஆலையிலேயே ரப்பர் காய்ச்ச ஆரம்பித்தார்கள். போர் முடிந்தும் அந்த ஆலைகள் நிற்கவில்லை. இயற்கை ரப்பரின் விலை விழ, பால்மரம் சாய, செம்பனை ஏற, லயம் காலியாக, பிள்ளைகள் பட்டணம் போனார்கள். பால்மரத்தைச் சாய்த்தவனின் ஒன்றுவிட்ட தம்பி இன்று பால்மரம் சீவிய பாட்டியின் பேரப்பிள்ளை வீட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறான். வெயிலிலும் சூட்டிலும் அந்த உறை மஞ்சள் பூத்துப் போகிறதே, அதில் முதலில் கெடுவதும் இவன்தான். காற்றிலுள்ள ஆக்சிஜன் முதலில் போய்ப் பிடிப்பது ரப்பர்த் துகளை. தோட்டத்தின் சாபம் என்று இதைச் சொல்வது அறிவியலாகாது. ஆனால் மூலக்கூறு அளவில் நியாயம் கிடைத்திருக்கிறது.

சில உறைகளில் இதற்கு மேலே இன்னொரு பூச்சு உண்டு. கடையில் தொட்டுப் பார்க்கும்போது மெத்தென்று, பூனை முதுகைத் தடவியது போல இருக்கும். அது பாலியூரித்தேன். குளிர்நாட்டில் வடிவமைத்தவர்கள் அதன் ஜாதகத்தை ஈஜோக்கின் ஜாதகத்தோடு பொருத்திப் பார்க்கவில்லை. சூடும் ஈரமும் சேர்ந்து நாளாவட்டத்தில் அந்தப் பூச்சின் பிணைப்புகளை அறுத்துவிடும். வேதியியலார் இதை நீராற்பகுப்பு என்பர். அலமாரியில் இரண்டு வருடம் வைத்துவிட்டு எடுத்தால் கை ஒட்டும். அதன்மேல் வைத்திருந்த நாளிதழை உரித்தால் தலைப்புச் செய்தி இடவலம் மாறி மூடியில் பதிந்திருக்கும். செய்தி பழையதாகிவிட்ட பிறகும் விட்டுப்போக மறுக்கும் ஊடகம் உலகில் இது ஒன்றே. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பனியனும் கொண்டு ஒரு மாலை முழுக்கத் துடைத்தால் கீழே வெறும் கறுப்பு பிளாஸ்டிக் வரும். அவசரப்பட்டு நகச்சாயம் அழிக்கும் அசிட்டோனை ஊற்றுவோர் பூச்சோடு உறையையும் கரைத்துக் கொள்வர்.

தேய்மானத்தை வாசிப்பது இத்துறையின் கல்வெட்டியல். அவசரக்காரர்கள் இதைத் தாண்டிப் போவார்கள். ஒரு வெள்ளி நிற மடிக்கணினியை ஜன்னல் ஓரம் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். விசைப்பலகைக்குக் கீழே, இடது மணிக்கட்டு படும் இடத்தில் இருபது காசு அளவுக்குச் சாயம் போய்க் கறுப்பு தெரியும். விளிம்பில் வெள்ளி இன்னும் மெல்லிய வளையமாக நிற்கும். நகத்தால் நெருடினால் செதிலாக எழும். வலது பக்கம் பழுதில்லாமல் இருந்தால் உடையவர் மௌஸ் பிடிப்பவர். வலப்பக்கத்தில் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் பத்துப் பதினைந்து ஓடினால் அது வளையல். அந்த வீட்டில் கணக்கு எழுதுவது அம்மா. ஸ்பேஸ் கட்டையில் ஓரிடம் மட்டும் கண்ணாடிபோல் பளபளத்தால் அது கட்டைவிரலின் பட்டா நிலம். வியர்வையும் தோல் எண்ணெயும் இத்தனையும் செய்யும். மூடியின் ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தால் அது மோட்டார் கூடையில் பள்ளிக்கூடம் போன கணினி. சாயம் பூசுவது என்பது இந்தக் கல்வெட்டு முழுவதையும் அழிப்பது. தொல்லியல் துறை மடிக்கணினிக்கு இன்னும் வராததால் தடுப்பார் இல்லை.

பூசும் முறைக்குத் தமிழர்களிடம் ஏற்கெனவே முழுமையான ஆகமம் இருக்கிறது. கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை திருப்பணி. திருப்பணிக்கு முன் பாலாலயம்: மூலவரின் சாந்நித்தியத்தைக் கலசத்துக்கோ படத்துக்கோ மாற்றி வேறிடத்தில் எழுந்தருளச் செய்துவிட்டுத்தான் கருவறையில் கை வைப்பார்கள். மடிக்கணினிக்கும் அதுவே. மகளின் பரீட்சைத் தாள்கள், சங்கத்துக் கணக்கு, அண்ணன் கல்யாணப் படம் எல்லாவற்றையும் வெளித்தட்டுக்கு எழுந்தருளப் பண்ணி, பேட்டரியைக் கழற்றி, பிறகே திருகாணியைத் தொட வேண்டும். கோயிலில் கும்பாபிஷேகம் முடிந்து நாற்பத்தெட்டு நாள் மண்டலாபிஷேகம். இங்கும் சாயம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். உள்ளே முழுதும் இறுகி நகக்கீறலைத் தாங்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பையில் போட்டுத் தூக்கக் கூடாது. கோயிலில் அந்த நாற்பத்தெட்டு நாளைக் கடைப்பிடிக்கும் குடும்பங்கள்கூட இங்கே மறுநாளே பையில் போட்டுவிடுகின்றன. சாயத்தில் பையின் துணி நெசவு அச்சாகப் பதிந்து நிற்கும்.

இனி சாத்திரத்தின் உயிர்நிலை: தேய்ப்பு. இதற்கு ஈஜோக் பக்கம் உரையாசிரியர்கள் மோட்டார் கவர்செட்டுக்குச் சாயம் தெளிக்கும் பையன்களே. அவர்களில் ஒருவனிடம் மடிக்கணினி மூடியைக் கொண்டு போனால் முதலில் விரலால் தடவிப் பார்ப்பான்.

“அண்ணே, இது மேல அப்படியே அடிச்சிட்டா நாளைக்கே நல்லா இருக்கும்.”

“அப்ப அடிச்சிடு தம்பி.”

“நாளைக்குத்தாண்ணே நல்லா இருக்கும். அடுத்த மாசம் தோலு மாதிரி உரிஞ்சு வரும். தேய்க்கணும்.”

அவன் சொல்லும் பாடம் இது. சவர்க்காரத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவு. 400ஆம் எண் மணல்தாளைத் தண்ணீரில் நனைத்துப் பழைய பளபளப்பு சாகும்வரை தேய். பிறகு 600, பிறகு 800. பளபளப்பான பரப்பில் சாயத்துக்குப் பிடிமானம் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில்தான் அது கால் ஊன்றும். அதன் மேல் பிளாஸ்டிக்குக்கு என்று தனியாக விற்கும் பிரைமர். அதற்கும் மேலேதான் நிறம், ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கையை நிறுத்தாமல், மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை. ஒரே மூச்சில் கனமாக அடித்தால் கண்ணீர் போல வழியும். கடைசியில் நிறமில்லாத மேல்பூச்சு. மொத்த வேலையில் நிறம் தெளிக்கும் நேரம் ஐந்து நிமிடம். மீதியெல்லாம் தேய்ப்பு, காத்திருப்பு. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது அந்த ஐந்து நிமிடத்தை.

தேய்க்காமல் பூசினால் எத்தனை நாள் நிற்கும்? இதற்கு ஆய்வுக்கூடங்களைத் தேடிப் போக வேண்டாம். தேவையான கள ஆய்வு ஈஜோக்கிலேயே, பொதுச் செலவில் நடந்து முடிந்துவிட்டது. 2007 ஏப்ரல் மாதம் ஈஜோக்கின் சட்டமன்ற உறுப்பினர் கே. சிவலிங்கம் காலமானார். இடைத்தேர்தலுக்கு ஏப்ரல் 19 வேட்புமனு, ஏப்ரல் 28 வாக்களிப்பு. மஇகாவின் கே. பார்த்திபனும் கெஅடிலான் கட்சியின் காலிட் இப்ராஹிமும் நின்றார்கள். துணைப் பிரதமராக இருந்த நஜிப் ரசாக் முன்னின்று பிரச்சாரம் நடத்தினார். அந்த நாட்களில் ஈஜோக் கண்ட வளர்ச்சியை வேறெந்த ஊரும் ஒரு தலைமுறையில் கண்டிருக்காது. குழிக்குள் சாலை தேடிய இடங்களில் தார் ஓடியது. விளக்குக் கம்பங்கள் எழுந்தன. 36 மில்லியன் வெள்ளித் திட்டங்கள் என்று பேசப்பட்டது. வாக்காளர்கள் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஏறக்குறைய மூவாயிரம் வெள்ளி. அன்றைய விலைக்கு ஒரு நல்ல மடிக்கணினி. ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தால் கணக்கும் சரியாக இருந்திருக்கும், இக்கட்டுரைக்கும் நேரடி மூலப்பொருள் கிடைத்திருக்கும். ஆனால் 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம் வாக்காளருக்கு விருந்து வைப்பதைக்கூடக் குற்றம் என்கிறது. அவர் வீட்டு வாசலில் தார் ஊற்றுவது பற்றி அது பேசுவதில்லை. சட்டத்தை மதிப்பவர்கள் தாரையே தேர்ந்தெடுப்பார்கள்.

பார்த்திபன் 1,850 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். சாயம் பிடித்தது. 2008 மார்ச் 8 பொதுத் தேர்தலில் அதே ஈஜோக்கில் அதே காலிட் இப்ராஹிம் வென்று, மாநிலத்துக்கு மந்திரி பெசாரும் ஆனார். இடைப்பட்ட காலம் பத்து மாதம் ஒன்பது நாள். பிள்ளைப்பேற்றுக்கு வழக்கில் சொல்லும் கணக்குக்கு ஒரே ஒரு நாள் குறைவு. பிரைமர் இடாத மேற்பூச்சின் ஆயுளுக்கு இவ்வளவு துல்லியமான அளவு சாயக் கம்பெனிகளிடம்கூட இல்லை. ஒரு கட்சியை மட்டும் வைத்து முடிவு கட்டியதாக யாரும் குறை சொல்ல வேண்டாம். 2023இல் தொகுதி மறுபடியும் வேறு அணிக்குப் போனது. தெளிப்பவர்கள் மாறுகிறார்கள், டின்னின் நிறம் மாறுகிறது. மணல்தாள் வாங்கிய ரசீதை மட்டும் எந்த அணியிடமும் நான் கண்டதில்லை.

தட்பவெப்பம் பற்றி உரையாசிரியர்கள் ஒருமித்துச் சொல்வது: மாலை மழைக்கு முன் தெளிக்காதே, மழை பெய்யும்போது தெளிக்காதே, மழை விட்ட பின் தெளிக்காதே. ஈஜோக்கில் இந்த மூன்றையும் கழித்தால் மீதி காலை பத்து முதல் பகல் ஒன்று வரை. காரணம் உண்டு. சாயத்தில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பின் சூட்டைப் பிடுங்கிக்கொண்டு போகும். பரப்பு குளிர்ந்ததும் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படியும். ஈரமும் சாயமும் ஒன்று சேராமல் கறுப்பு மூடி பால் கொட்டியது போல வெளுத்துவிடும். மூடியில் பாலைக் கண்ட பழைய தோட்டத்துக்காரர்கள் கொஞ்சம் நெகிழ்வதுண்டு என்ப.

நிறத் தேர்வு தனி அதிகாரமாக விரிய வேண்டியது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1992இல் வந்த முதல் திங்க்பேட் மடிக்கணினிக்கு ரிச்சர்ட் சாப்பர் கறுப்பு நிறம் தந்தார். ஜப்பானியரின் மதிய உணவுப் பெட்டியே அதற்கு மாதிரி. 1999இல் ஆப்பிளின் ஐபுக் ஆரஞ்சிலும் நீலத்திலும் வந்தது. சிலாங்கூர்த் தமிழர்களுக்கு இந்த இரண்டைவிடப் பெரிய முன்னுதாரணம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. 2018 ஆகஸ்டில், கும்பாபிஷேகத்தை ஒட்டி, பத்துமலையின் 272 படிகளும் வானவில்லில் இல்லாத நிறங்களையும் சேர்த்துக்கொண்டு எழுந்தன. 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி எங்களிடம் அனுமதி வாங்கினீர்களா என்று மரபுடைமைத் துறை கேட்டது. பதில் எழுதி முடிப்பதற்குள் உலகம் முழுவதும் அந்தப் படிகளில் நின்று படம் எடுக்க ஆரம்பித்துவிட்டது. இதிலிருந்து சாயவியல் எடுத்துக்கொண்ட விதி: அனுமதி கேட்க வேண்டிய இடம் எது என்பது பூசி முடித்த பிறகே தெரியவரும். மடிக்கணினியில் அந்த இடம் உத்தரவாத அட்டை. உறையைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடுமோ என்று அஞ்சுவோர் அட்டையில் உள்ள தேதியைப் பார்த்து ஆறுதல் அடையலாம். அது எப்போதோ முடிந்திருக்கும்.

நிறத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. வைஃபை ஆண்டெனா பெரும்பாலும் மூடிக்குள்தான், திரையைச் சுற்றி ஓடும். மினுமினுப்புக்காக உலோகத் துகள் கலந்த சாயத்தைக் கனமாகப் பூசினால் அலையின் வலு குறையக்கூடும். தோட்டத்து உள்பக்கம் ஏற்கெனவே கூரை மேல் ஏறி நின்று லைன் தேடுபவர்களுக்கு இது முக்கியம். ஆகவே இந்த வட்டாரத்துக்குப் பரிந்துரைக்கத்தக்கது உலோகம் சேராத மயில் நீலம்.

நீலம் என்றதும் முன்னோர் நூல் ஒன்றைச் சொல்லாமல் போவது ஆய்வு மரபுக்கு இழுக்கு. பஞ்சதந்திரத்தின் சண்டரவன் என்ற நரி வண்ணான் வீட்டு அவுரித் தொட்டியில் விழுந்து நீலமாகி, காட்டுக்கு அரசனான வரலாறு எல்லாருக்கும் தெரியும். அதைக் கபடத்தின் கதை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கெடுத்துவிட்டார்கள். தொழில்நுட்பக் கண்ணோடு படித்தால் அந்த நரியின் சாயத்தில் குறையே இல்லை. முழு உடம்பையும் முக்கியதால் பூச்சு சீராக இருந்தது. மழையில் கரைந்ததாக மூலத்தில் இல்லை. மற்ற நரிகள் ஊளையிட்டபோது தானும் வாய் திறந்ததுதான் கெடுத்தது. மடிக்கணினிக்கும் கேடு அங்கேதான். கண்ணாடி போல மூடி, கீறலில்லாத மணிக்கட்டு மேடை, புதுக் கணினி என்றே விருந்தாளி நினைத்துக்கொண்டிருப்பார். பொத்தானை அமுக்கியதும் உள்ளே பத்து வருடத் தூசி அப்பிய விசிறி நெல் ஆலை போல ஓட ஆரம்பிக்கும். திரையில் விண்டோஸ் 10 எழும். அதற்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று பொதுவான ஆதரவை முடித்துக்கொண்டது, அடுத்ததை ஏற்க இந்தப் பழைய சில்லுக்குத் தகுதி இல்லை. உறையைத்தான் கழற்றியாகிவிட்டதே, அப்போதே விசிறித் தூசியைத் தூரிகையால் தட்டியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் இலக்கணத்தை மறந்தவர்கள். உள்ளே எதையும் மாற்றினால் அது பழுதுபார்ப்பு, சாயவியல் ஆகாது.

எஞ்சியிருப்பது மீந்த சாயம். 400 மில்லி டின்னில் ஒரு மடிக்கணினிக்குப் பாதிகூடச் செலவாகாது. டின்னைத் தலைகீழாகப் பிடித்து வெறும் காற்று வரும்வரை அமுக்கி வைத்தால் முனை அடைக்காது என்று அதன்மேலேயே எழுதியிருக்கும். படிப்பவர் இல்லை. அதனால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும் என்ற பதற்றம் வீட்டைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தபால் பெட்டி. அடுத்து மோட்டாரின் பின் மட்கார்ட். பிறகு துளசி மாடத்துக்குப் பக்கத்துப் பூச்சட்டி, நாய்க்கூண்டின் கதவு, கேட்டின் தாழ்ப்பாள். இவற்றில் எதையும் யாரும் தேய்ப்பதில்லை. ஈஜோக்கில் ஒரு வீட்டு வாசலில் இத்தனையும் ஒரே மயில் நீலத்தில் நின்றால் உள்ளே ஒரு மடிக்கணினி இருக்கிறது என்று சாலையில் நின்றே சொல்லிவிடலாம். திருடனுக்கும் இது தெரியும். ஆனால் அவன் ஜன்னல் வரை வந்து, விசிறிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான் என்ப.